ஐயாவின் தொழில்

நேயர்களுக்கு வணக்கம்.

2018 ஆம் ஆண்டு என் தந்தையார் காலமான மூன்றாம் நாள், இறப்பைப் பதிவதற்காகப் பதிவாளரின் முன்னால் அமர்ந்திருந்தேன். படிவத்தின் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் தடங்கலின்றி விடை சொல்லி வந்த நான், ‘தொழில்’ என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். பதிவாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, “பென்சனியரோ, கமமோ?” என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் எண்பது வயதில் கண்மூடும் ஓர் ஆண் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகவே இருப்பார் என்பது அவருடைய அனுபவம். அதில் பிழை இல்லை. ஆனால் என் தந்தையார் பதினான்கு வயதில் மாத்தறைப் பக்கத்தில் சுருட்டுக்கடைப் பெடியன், இருபதில் அகதி, இருபத்தாறில் கடை முதலாளி, நாற்பதில் விசுவமடுவில் மிளகாய்த் தோட்டக்காரர், நாற்பத்தேழில் பாரிசில் கோப்பை கழுவியவர், ஐம்பதில் மறுபடியும் முதலாளி, எழுபத்து மூன்றில் கொக்குவிலில் அரைக்கும் ஆலை தொடங்கியவர். “வியாபாரம் எண்டு போடுங்கோ” என்றேன். அவர் எழுதி முடித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல் எனக்குப் போதாமல் இருந்தது. இந்த நிலையத்தார் தந்தையர் பற்றிய உரைத் தொடருக்கு என்னை அழைத்தபோது நான் உடனே சம்மதித்ததற்கு அதுவே காரணம்.

நாங்கள் அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டோம். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

ஐயா 1938 இல் புங்குடுதீவில் பிறந்தார். அந்தத் தீவு மண்ணைத் தெரிந்தவர்களுக்கு, அங்கிருந்து ஏன் இத்தனை பேர் கடைக்காரர் ஆனார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மழையை நம்பிய ஒரு போக நெல், பனை, கடல், உவர் ஊறும் கிணறு ஆகியவற்றை வைத்துக்கொண்டு நான்கு ஆண்பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்று காலந்தள்ள முடியாது. ஆகவே புங்குடுதீவு, வேலணை, காரைநகர் போன்ற ஊர்களின் பிள்ளைகள் மீசை அரும்பும் முன்னமே தென்னிலங்கைச் சந்திகளில் இருந்த சுருட்டுக்கடைகளிலும் சாப்பாட்டுக்கடைகளிலும் போய் நின்றார்கள். 1952 இல் ஐயாவின் தாய்மாமன் அவரை அழைத்துப் போனார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு சாரம், மாமனின் முதலாளிக்குக் கொடுக்க ஓலைக் குட்டான்களில் பனங்கட்டி, இவ்வளவுதான் சாமான். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு மெயில் வண்டியில் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கரையோர வண்டியில் மாத்தறைக்குப் போனார்கள். அந்தப் பயணத்தில் பயமாக இருக்கவில்லையா என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். கடல் வண்டியோடு கூடவே வந்தது, பிறகு என்ன பயம் என்றார்.

அந்தக் கடையில் அவருடைய முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாக் கடைப் பெடியன்களுடைய ஆண்டுகளையும் போன்றவையே. விடிய ஐந்து மணிக்குப் பலகை திறப்பது, மண்ணெண்ணெய் அளப்பது, முழுச் சுருட்டு வாங்க வசதியில்லாதவனுக்குப் பாதியாய் நறுக்கிக் கொடுப்பது, இரவில் சாக்கின் மேல் படுப்பது. ஐயாவின் கண் எப்படிப்பட்டது என்பது மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. சந்தியிலிருந்து அரைக் கட்டை தூரத்தில், தேங்காய்ப் பொச்சை ஊறப்போட்டுத் தும்பு அடிக்கும் கொட்டில்கள் இருந்தன. அங்கே வேலை செய்த பெண்கள் வெற்றிலை இல்லாமல் இருக்கமாட்டார்கள். வெற்றிலை வாங்க வேலையை விட்டு வந்தால் கூலி குறையும். எனவே அவர்கள் காலையில் ஒருதரம் வாங்கி, பத்து மணிக்குள் அதை முடித்துவிட்டு, மாலைவரை வெறும் வாயோடு இருந்தார்கள். முதலாளி பத்து ஆண்டுகளாக அந்தப் பெண்களைக் கண்டவர். அவர் கண்டது காலையில் வாங்க வந்தவர்களை; ஐயா கண்டது பத்து மணிக்குப் பின் வராதவர்களை. வெற்றிலை, பாக்கு, புகையிலைத் துண்டு, சுண்ணாம்பு நான்கையும் ஒரு கூறாக மடித்து, ஒரு தட்டத்தில் அடுக்கி, பத்தரை மணிக்குக் கொட்டில்களுக்கே கொண்டுபோனார். கடனுக்கும் கொடுத்தார், சனிக்கிழமை கூலி நாளில் கணக்குத் தீர்த்தார். சிங்களம் பேச அவர் பழகியதும் அந்தக் கொட்டில்களில்தான். பெண்கள் பேசும் சிங்களம் அது. பிற்காலத்தில் அதைக் கேட்டுச் சிரித்த சிங்களவர்கள் பலர்.

1958 மே மாதக் கடைசியில் கலவரம் அந்தச் சந்திக்கும் வந்தது. கடை எரிந்தது. தும்புக் கொட்டில் பெண் ஒருத்தி ஐயாவைப் பொச்சுக் குவியலின் அடியில் மறைத்து வைத்தாள். இரண்டு இரவும் ஒரு பகலும் ஊறிய பொச்சின் நாற்றத்துக்குள் கிடந்தார். அழுகிய தேங்காய்ப் பொச்சின் மணத்தை அறிந்தவர்களுக்கு அது எப்படி என்று தெரியும். பின் பொலிஸ் காவலில் கொழும்புக்கும், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு அப்படிக் கப்பலில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். இதைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. எங்கள் வளவில் தேங்காய் உரிக்கும்போதெல்லாம் பொச்சை உடனடியாக வெயிலில் பரப்பச் சொல்வார். மழையில் நனைய விடமாட்டார். காரணம் எனக்கு இருபது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

அடுத்த ஆண்டே அவர் திரும்பிப் போனார். வீட்டில் எல்லோரும் தடுத்தார்கள். அவர் சொன்ன நியாயம், கடைதான் எரிந்தது, கடன் கொப்பி எரியவில்லை என்பது. அதை அவர் சாரத்தின் மடிப்புக்குள் செருகிக் காப்பாற்றி வந்திருந்தார். போய் முதலாளிக்காக வீடு வீடாகக் கடன் கேட்டார். எல்லோரும் மனமுருகித் தந்தார்கள் என்று நான் சொன்னால் அது கதையாகிவிடும். பாதிப்பேர் தந்தார்கள். கால்வாசிப்பேர் ஒளித்துக்கொண்டார்கள். கடையை எரித்த கூட்டத்தோடு நின்ற ஒருவரும் இருந்தார். அவர் சதம் பிசகாமல் தந்தார். மனிதரைப்பற்றி ஐயா ஒருநாளும் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லாததற்கு இந்த மனிதரே காரணம் என்று நினைக்கிறேன்.

1964 இல் சொந்தக் கடை, அடுத்த ஆண்டு கலியாணம், அதற்கடுத்த ஆண்டு நான். அம்மாவும் நாங்களும் புங்குடுதீவில். ஐயா வருடத்தில் மூன்று தடவை வருவார். எழுபதுகளின் முற்பகுதியில் அரசு வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தலைநிமிர்ந்தார்கள் அல்லவா, அந்தக் காலத்தில் ஐயா இங்கேயிருந்து சின்ன வெங்காயத்தை லொறியில் தெற்கே இறக்கி நன்றாகச் சம்பாதித்தார். 1977 ஆவணிக் கலவரத்தில் அந்தக் கடையும் போனது. இம்முறை அவர் திரும்பிப் போகவில்லை.

இந்த இடத்தில் ஐயாவின் பெரிய தோல்வியைச் சொல்லவேண்டும். எழுபதுகளில் மிளகாய் போட்டவர்கள் கல்வீடு கட்டியதை அவர் வெங்காய லொறிகளோடு போய்வந்து கண்டிருந்தார். அந்த நினைவிலேயே 1978 இல் விசுவமடுவில் காணி குத்தகைக்கு எடுத்து மிளகாய் நட்டார். அம்மாவின் அட்டியலும் காப்பும் நீர் இறைக்கும் இயந்திரமாயின. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே புதிய அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்தது. வெளிநாட்டுச் செத்தல் மிளகாய் மூடைமூடையாக வந்து இறங்கியது. சந்தையில் எங்கள் மிளகாயின் விலை பறித்த கூலிக்கும் காணவில்லை. இல்லாத இடத்துக்குச் சாமானைக் கொண்டுபோவதில் வல்லவரான அவர், வாழ்க்கையில் ஒரேயொரு முறை, எல்லாரும் இருக்கிற இடத்தில் போய் நின்றார். நான்கு ஆண்டு இழுத்துப் பார்த்தும் கடன்தான் மிஞ்சியது. 1983 ஆடியின் பின் இங்கே நிலைமை என்ன என்பதை இந்த நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐயா 1984 இல் வெளிக்கிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது, எனக்குப் பதினெட்டு, தம்பிக்கு எட்டு.

அந்தக் காலத்தில் எங்கள் பெடியன்கள் போன வழி, மொஸ்கோ ஊடாகக் கிழக்கு பேர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து நகர ரயிலில் ஏறி மேற்கு பேர்லினில் இறங்குவது. நகரைப் பிரித்த அந்தக் கோட்டினை மேற்கு நாடுகள் ஓர் எல்லையாகவே ஏற்காதபடியால், மேற்குப் பக்கத்தில் விசா பார்ப்பார் இல்லை. 1985 இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை நம்மவர்க்கு அடைத்துவிட்டது. ஐயா அதற்கு முந்திய ஆண்டு போனவர். அகதி முகாமில் அவரைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் இருபது வயதுக்காரர். அவரை ‘அண்ணை’ என்று தொடங்கி இரண்டாம் கிழமையில் ‘ஐயா’ என்றார்கள். உண்ணவும் உடுக்கவும் கொடுத்தார்கள், ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை. ஏழு மாதம் சும்மா இருந்தது, பொச்சுக்குள் கிடந்த இரண்டு இரவையும் விட மோசமானது என்று எழுதியிருந்தார். பிரான்சில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு அன்று வேலை அனுமதி கிடைத்தது. 1991 இல்தான் அதை நிறுத்தினார்கள். இதைக் கேள்விப்பட்டதும் அவர் பாரிசுக்குப் போய்விட்டார். எப்படிப் போனார் என்பதைத் தம்பிக்கு மட்டும் சொன்னார். தம்பி இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

அகதி விசாரணையில் நடந்த ஒன்றை மட்டும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். ஏன் நாட்டை விட்டு வந்தீர் என்ற கேள்விக்கு, இரண்டு கடை எரிந்ததையும் சொல்லி, மிளகாய்த் தோட்டக் கடனையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினாராம். மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பெடியன் பதறிப்போய், “ஐயா, கடனைச் சொல்லாதேங்கோ, தூக்கிப்போடுவாங்கள்” என்று தமிழில் தடுத்தானாம். எரிந்த கடை யாருடையது, எரிந்ததால் வந்த கடன் யாருடையது, இரண்டும் ஒரே மனிதன்தானே என்று ஐயா அவனோடு வாதாடினாராம். அதிகாரிக்கு என்ன மொழிபெயர்த்தார்களோ தெரியாது. அடுத்த ஆண்டு ஐயாவுக்கு அகதி அட்டை கிடைத்தது.

பகலில் ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினார்; இரவில் உணவகம் உணவகமாக ரோசாப்பூ விற்றார். ஆறாம் மாடியில், பிரெஞ்சு வீட்டு வேலைக்காரிகளுக்காக முற்காலத்தில் கட்டப்பட்ட கூரையறை ஒன்றில் நான்கு பேரோடு இருந்தார். அங்கேதான் அவருடைய பழைய கண் மறுபடி திறந்தது. தன்னோடு இருந்த பெடியன்கள் கிழமைக்கு ஒருதரம் கறி வைக்கும்போது கடையில் வாங்கிய இந்திய மசாலாத் தூளைப் போட்டுவிட்டு, ஒரு வாய் உண்டு, ஒன்றும் பேசாமல் இருப்பார்கள் என்றும், அந்தப் பேசாமையை நான்கு கிழமை கவனித்த பிறகு அம்மாவுக்குக் கடிதம் எழுதியதாகவும் சொல்வார். அந்தக் கடிதத்தில் சுகம் விசாரித்தது ஒரு வரி. மிச்சமெல்லாம், தூள் இடிப்பதற்கு எது எது எவ்வளவு என்ற கேள்விகள்.

அம்மாவின் மறுமொழியை நானே எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, நீல நிற விமானக் கடிதத்தின் மூன்று பக்கமும் நிறைந்தது. செத்தல் மிளகாய் ஒரு கொத்து, மல்லி ஒரு கொத்து, மிளகு, பெருஞ்சீரகம், சீரகம் அரைச் சுண்டுப்படி, வெந்தயம் கால் சுண்டு, மஞ்சள் நாலு துண்டு, கறிவேப்பிலை இரண்டு நெட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும். மல்லி பொன்னிறம் வரும்போது இறக்கவேண்டும், மிளகாய் கறுக்கும் முன் இறக்கவேண்டும். ஐயா பாரிசில் இரண்டு கிழமை சுண்டு தேடி அலைந்தார். நம் ஊரில் சுண்டு என்றால் பால்பேணியின் அளவுதான். அதே அளவில் ஒரு பால்பேணி கிடைக்கும்வரை அவர் அடுப்பு மூட்டவில்லை. கிடைத்த சந்தோசத்தை எழுதியபோது அம்மா சொல்லி நான் எழுதிய பதில் இது: “எந்தப் பேணியால் அளந்தாலும் எல்லாத்தையும் அதாலேயே அளந்தால் கணக்கு ஒண்டுதானே.” முப்பது ஆண்டு கொடுக்கல் வாங்கல் செய்த மனிதர் அதை யோசிக்கவில்லை.

அறையில் மிளகாய் வறுத்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கூரை யன்னல் சிறியது, காரம் படியிறங்கியது. ஐந்தாம் மாடியில் ஒரு கிழவி இருமத் தொடங்கி, நான்காம் மாடிக்கும் அது பரவி, கடைசியில் யாரோ தொலைபேசியில் அழைக்க, தலைக்கவசம் போட்ட தீயணைப்புக்காரர் ஆறு பேர் குழாயோடு ஏறி வந்துவிட்டார்கள். கதவைத் திறந்த ஐயா ஒரு கையில் அகப்பையும் மறு கையில் தன் அகதி அட்டையுமாக நின்றாராம். கண்ணீர் வழிய நின்ற அவர்களுக்கு அவர் கையசைவால் விளக்கி, கறி கொஞ்சம் கொடுத்திருக்கிறார். ஒருவன் உண்டான், மற்றவர்கள் தண்ணீர் கேட்டார்கள். அதன் பிறகு அவர் வறுப்பதற்காக ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்தார்.

தூள் பொட்டலங்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, நம்மவர் இருந்த அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். தும்புக் கொட்டிலுக்குத் தட்டம் கொண்டுபோனதும் இதுவும் ஒன்றேதான். 1988 இல், பாரிசின் லாசப்பல் பகுதியில் நம்மவரின் கடைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு கடைக்கான முன்பணம் தேவைப்பட்டது. கடன் கேட்டு எந்த வங்கிப் படியும் அவர் ஏறவில்லை, சீட்டுப் பிடித்தார். இருபத்தைந்து பேர், மாதம் 2,000 பிராங்க், ஆக 50,000. இரண்டாம் மாதமே 11,000 கழித்துக் கூறி 39,000 ஐ எடுத்தார். கழிவு மற்றவர்களுக்குள் பங்காகியது. அவ்வளவு கழிவா என்று தம்பி பிற்காலத்தில் கேட்டபோது, அது தன்னுடைய அவசரத்தின் விலை, மற்றவர்களுக்கு அவசரம் இல்லாததால் அவர்களுக்கு வந்த லாபம், இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று திருப்பிக் கேட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. இருபத்தைந்து பேரில் ஒருவரும் இருபத்தைந்து மாதமும் தவறவில்லை. நாடு விட்டு நாடு வந்து, ஒருவரின் ஊரைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர்கள் மாதாமாதம் பணத்தை ஒருவர் கையில் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கடைக்கு வேண்டிய மரக்கறிக்கு அதிகாலையிலேயே ரன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போவார். முருங்கைக்காயும் பாகற்காயும் வந்தால் வாசலில் எழுதிப் போடமாட்டார். இரண்டு பேருக்குச் சொன்னால் போதும், மாலைக்குள் தீர்ந்துவிடும்.

இனி என் பக்கத்துக் கதை. 1991 இல் புங்குடுதீவை விட்டு நாங்கள் கொக்குவிலுக்கு இடம்பெயர்ந்தோம். மின்சாரம் இல்லை, பேசத் தொலைபேசி இல்லை. ஐயா ஒலிநாடாவில் பேசி, வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார். அதைக் கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரேடியோவோடு இணைத்து, தம்பி மிதியைக் கையால் சுற்றுவான். அவன் வேகம் குறைந்தால் ஐயாவின் குரல் இழுபட்டு, யாரோ கிழவருடைய குரலாகிவிடும். “சுத்தடா, சுத்தடா” என்று அம்மா கத்துவார். மறுபடி ஐயா இளமையாவார். அந்த நாடாக்களில் அவர் பேசியது என்ன தெரியுமா? பாரிசில் முருங்கைக்காய் என்ன விலை, ஒடியல் மாவுக்கு எவ்வளவு கேள்வி, புட்டுக்கு வறுத்த மா யாரும் விற்பதில்லை என்பவை. 1992 இல் என் கலியாணத்துக்கு வந்த நாடாவிலும் பாதி விலைவாசி. நான் அழுதேன், பல ஆண்டுகள் அவரை உள்ளுக்குள் மன்னிக்கவும் இல்லை. அப்பா இல்லாமல் மணவறையில் இருந்தவள் நான். கன்னிகாதானத்துக்குச் சித்தப்பா நின்றார். பணம் வந்தது, சங்கிலி வந்தது, அவர் வரவில்லை. வரவும் முடியாது. அகதிகளுக்குக் கொடுக்கப்படும் பயணப் பத்திரத்தில், எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கையைத் தவிர, என்று எழுதியிருக்கும். அது அப்போது எனக்குத் தெரியாது. 1995 ஒக்டோபர் 30 இரவு நாங்கள் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது, என்னுடைய பையில் அந்த நாடாக்கள் இருந்தன. ஏன் எடுத்தேன் என்று இன்றும் எனக்குப் பதில் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு வருவதற்காகவே ஐயா பிரெஞ்சுக் குடிமகனானார். வேறெந்தக் காரணமும் இல்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்; ஊரைப் பார்க்க ஊர்க் குடியுரிமையை விடவேண்டியிருந்தது. 2002 சித்திரையில் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை திறந்த கையோடு, பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு வந்தார். கட்டுநாயக்காவில் இளம் அதிகாரி பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, ஐயா தும்புக் கொட்டில் சிங்களத்தில் பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெடியன் எழுந்து நின்று, “மாத்தறையா?” என்று கேட்டானாம். அங்கிருந்து முதலில் வந்தது எங்களிடம். ஆனால் மூன்றாம் கிழமையே மாத்தறைக்குப் போய்விட்டார். தன்னை மறைத்த பெண் இறந்து பதினொரு ஆண்டாகியிருந்தது. மகள் இருந்தாள். அவளிடம் தான் கொண்டுபோன தூள்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். இப்போது தும்பு அடிக்க இயந்திரம் வந்துவிட்டதாம், என்றார்.

அடுத்த ஆண்டு, பாரிசில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இல்லை என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. நாற்பது பெட்டி அனுப்பினார். முகமாலை, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றி, வெயிலில் நின்று, கொழும்பு போய்ச் சேர்ந்தபோது பாதி கனிந்து, விமானத்தில் மீதியும் கனிந்து, பாரிசில் திறந்த பெட்டிகளில் பன்னிரண்டு பழந்தான் உண்ணத் தேறியதாம். அந்தப் பன்னிரண்டையும் அவர் விற்கவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கு ஒவ்வொரு கீற்றாக வெட்டிக் கொடுத்தார். நட்டத்தைக் கொப்பியில் எழுதி, கீழே ‘பங்குனியில் பறித்திருக்கவேணும்’ என்று குறித்துவைத்தார். அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது.

2010 இல் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நிரந்தரமாக வந்தார். புங்குடுதீவு வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றத்தில் நாயுண்ணியும் கள்ளியும் ஆளுயரத்துக்கு நின்றன. நாங்கள் அவர் அதைக் கட்டிக்கொண்டு ஓய்வாக இருப்பார் என்று நினைத்தோம். வளவைத் துப்புரவாக்கினார், கிணற்றை இறைத்தார், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு கொக்குவிலில் அரைக்கும் ஆலை தொடங்கினார். கணவரை இழந்த நான்கு பெண்கள் வறுக்க, இயந்திரம் அரைத்தது. பேரப்பிள்ளைகளைக் காட்ட வெளிநாட்டிலிருந்து வருவோர் திரும்பும்போது தூள் கொண்டுபோவார்கள், வீட்டில் வறுக்க இன்றைய மருமக்களுக்கு நேரம் இல்லை என்பது அவருடைய கணக்கு. கணக்குச் சரியாக இருந்தது. பாரிசிலிருந்து அவரோடு வந்த பால்பேணி, விளிம்பு தேய்ந்து, இப்போது எங்கள் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. அம்மா அதைச் சுண்டு என்று சொல்வதில்லை, ‘பாரிஸ் பேணி’ என்பார்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, கட்டில் யன்னலோரமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் உள்ளே போனதும், வந்தது யார், தம்பி புறப்பட்டுவிட்டானா என்று எதுவும் கேட்கவில்லை. “இஞ்சை வாசலிலை சுடுதண்ணி விக்கிற கடை ஒண்டும் இல்லை, கவனிச்சனியோ?” என்றார். நோயாளிக்கு மா கரைக்க, பிளாஸ்க்கோடு சனங்கள் பெரிய தெருவைக் கடந்து போய் வருகிறார்களாம். ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை யன்னலால் எண்ணியிருக்கிறார்: நாற்பத்திரண்டு பேர். மத்தியானம் தனக்குக் கண் அசந்துவிடும், என்னை எண்ணச் சொன்னார். படுத்துக்கொள்ளுங்கோ ஐயா என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன்.

பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை பத்தொன்பது பேர் போனார்கள். அவர் கண் விழித்ததும் சொன்னேன்.

“வெய்யில் நேரமெல்லோ,” என்றார். “பின்னேரம் பார், கூடும்.”